பத்தாவது வருடக் கணக்கு

ஆஞ்சியோகிராம் சி.டி.யையும் இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளையும் மேஜை மேல் வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். "டாக்டருங்க எழுதறதையெல்லாம் தமிழ்ல மாத்தறவன்தானே நீ? எது நல்லதுன்னு சொல்லேன்" என்றாள். செகந்திராபாத் மேற்கு மாரேட்பள்ளியில் அவர்கள் வீட்டுக் கூடம். எதிரே அத்தான், பேச்சு யாரைப் பற்றியோ என்பது போலப் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

அத்தானுக்கு அப்போது 61 வயது. ரயில்வேயில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதினேழு வருடமாக சர்க்கரை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று பிரதானக் குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் செய்தாக வேண்டும் என்பதில் இரண்டு டாக்டர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் வேறுபட்டார்கள்.

முதல் டாக்டர், இதயத்தை நிறுத்தாமல், அது துடித்துக்கொண்டிருக்கும்போதே தைத்துவிடுவதாகச் சொன்னார். மெஷின் வேண்டாம், ரத்தம் அதிகம் ஏற்ற வேண்டியிராது, சீக்கிரம் எழுந்து உட்காரலாம். இரண்டாவது டாக்டர், மெஷினில் இணைத்து, இதயத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு நிதானமாகத் தைப்பதே தன் வழக்கம் என்றார். அசையாத இடத்தில் போட்ட தையல்தான் நாள் கடந்து நிற்கும் என்பது அவர் கட்சி. இருவரும் அனுபவசாலிகள். பயப்பட ஒன்றுமில்லை என்பதை இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அத்தான் பேப்பரைக் கீழே வைத்தார். "மேஜையிலேருந்து எழுந்து வந்துடுவேன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. சரி. பத்து வருஷம் கழிச்சு எது நிக்கும், மாப்பிள்ளை? அதை யாரும் சொல்லலையே?"

கணக்குப் பிரிவுக்காரரின் கேள்வி. அறுவை சிகிச்சையின் 'முடிவு' என்ன என்று தமிழில் கேட்டால் இரண்டு அர்த்தம் வரும். விளைவும் முடிவுதான், இறுதியும் முடிவுதான். மருத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போதெல்லாம் என்னைத் தடுக்கி விழவைக்கும் சொல் இது. பைபாஸ் விஷயத்தில் அந்த இரண்டு அர்த்தங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. 'ஆபரேஷன் சக்ஸஸ்' என்று வராந்தாவில் சொல்லப்படுவது முதல் வாரத்தின் முடிவு. பத்தாவது வருடத்தின் முடிவு வேறு கணக்கு. அதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள் அடைத்துக்கொண்டால், அடைப்பைத் தாண்டி இன்னொரு குழாயை ஒட்டி ரத்தத்துக்கு வேறு வழி அமைப்பதே பைபாஸ். அந்த இன்னொரு குழாயை நோயாளியின் உடம்பிலிருந்தே எடுக்கிறார்கள். காலிலிருந்து நீளமான சிரையை எடுக்கலாம். மார்பெலும்புக்குப் பின்னால் இரு பக்கமும் இறங்கும் மார்புத் தமனிகளைத் திருப்பிவிடலாம். நாடி பிடித்துப் பார்க்கும் இடத்தில் ஓடும் கைத் தமனியையும் எடுக்கலாம்.

அன்றைய லெனின்கிராடில் வசிலி கொலெசோவ் 1964-ல் மார்புத் தமனியை இதயக் குழாயோடு தைத்தார். மெஷின் இல்லாமல், துடிக்கும் இதயத்தில். அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபாவலோரோ 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் கால் சிரையைப் பயன்படுத்தும் முறையைத் தொடங்கினார். உலகம் முழுவதும் பரவியது ஃபாவலோரோவின் வழிதான். இந்தியாவில் முதல் பைபாஸ் 1975-ல் நடந்தது. செய்தவர் டாக்டர் கே.எம். செரியன். இடம், சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. இதைச் சொன்னபோது அத்தான் முகத்தில் அன்று முதல் முறையாக ஒரு தெளிவு தெரிந்தது. "நம்ம டிபார்ட்மென்ட்" என்றார்.

இதயத்தையும் நுரையீரலையும் சற்று நேரம் ஓய்வில் வைத்துவிட்டு அவற்றின் வேலையைச் செய்யும் இயந்திரம் 1953-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பனின் கையில் முதல் வெற்றியைக் கண்டது. அது இல்லாவிட்டால் இதய அறுவை சிகிச்சை இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் ரத்தம் உடம்புக்கு வெளியே பிளாஸ்டிக் குழாய்களில் சுற்றி வரும்போது உடம்பு அதை எதிர்த்துக் கொதிக்கிறது. மகாதமனியைக் கிடுக்கியால் பிடிக்கும்போது அதன் உட்சுவரில் படிந்திருப்பது உதிர்ந்து மூளைக்குப் போகலாம். பக்கவாதம் வருமோ, ஞாபகம் மங்குமோ, சிறுநீரகம் கெடுமோ என்ற பயங்கள் இதிலிருந்து எழுந்தவை. அதனால் 1980-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் சில டாக்டர்கள் மெஷினை விட்டுவிட்டுத் துடிக்கும் இதயத்துக்குத் திரும்பினார்கள். 1990-களின் நடுவில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், உறிஞ்சு கிண்ணங்களால் இதயத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் 'ஆக்டோபஸ்' கருவி உருவானது. துடிக்கும் இதயத்தில் தைப்பது பலருக்கும் சாத்தியமாயிற்று.

இந்தியாவில் இது விரைவாகப் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் செலவு. மெஷினில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் சாமான்களுக்கு ஆகும் பணம் மிச்சம். ரத்தம் தேடி உறவினர்கள் அலைவதும் குறைவு. இன்றும் இங்கே நடக்கும் பைபாஸ்களில் பெரும்பான்மை துடிக்கும் இதயத்தில்தான். அமெரிக்காவிலோ 2002-ஐ ஒட்டி நான்கில் ஒன்றை நெருங்கிய இந்த முறை 2012-ல் ஆறில் ஒன்றாக இறங்கிவிட்டது. ஒரே நோய், ஒரே அறிவியல், இரண்டு நாடுகளில் இரண்டு வழக்கம்.

'என் கையில் இதுதான் நன்றாக வருகிறது' என்ற நம்பிக்கைக்கும் எண்ணிப் பார்த்த கணக்குக்கும் நடக்கும் சண்டை இது. ஹைதராபாதுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதே ஊரில், இதயத்தை வைத்தே, உலகம் பார்த்த ஒரு விவாதம் நடந்தது.

அப்போது நிஜாமின் ராஜ்யத்தில் ரெசிடென்ஸி சர்ஜனாக இருந்தவர் எட்வர்ட் லாரி. மூசி நதிக்கரை அஃப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியில் குளோரோஃபார்ம் கொடுத்து ஆயிரக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்தவர். குளோரோஃபார்ம் கொடுத்த நோயாளிகள் சில சமயம் திடீரென்று இறந்துபோனார்கள். அது இதயத்தை நிறுத்துகிறதா, மூச்சை நிறுத்துகிறதா என்பது அன்றைய பெரிய கேள்வி. மூச்சைத்தான், இதயத்தை அல்ல என்று லாரி அடித்துச் சொன்னார். மூச்சைக் கவனித்துக்கொண்டால் போதும் என்றார். இதைச் சோதிக்க 1888-ல் ஒரு கமிஷன் அமைந்தது. லண்டனில் 'லான்செட்' பத்திரிகை அதை ஏற்கவில்லை. ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் ஆயிரம் பவுண்டு தந்தார். இங்கிலாந்திலிருந்து லாடர் பிரண்டன் என்ற பெரிய நிபுணர் ஹைதராபாத் வந்தார். 1889-ல் இரண்டாவது கமிஷன் நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சோதித்தது. லாரிக்கு எதிரான அபிப்பிராயத்தோடு வந்த பிரண்டன், லாரி சொன்னதே சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அது சரியில்லை. 1911-ல் இங்கிலாந்தில் குட்மன் லெவி என்பவர் பூனைகளில் சோதித்துக் காட்டினார். குளோரோஃபார்மைக் குறைவாகக் கொடுத்து அரைமயக்கத்தில் வைத்திருக்கும்போது, அட்ரினலின் சேர்ந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுகிறது. ஹைதராபாத் கமிஷன் கேட்ட கேள்வி அந்த மாதிரியான மரணத்தைத் தொடவே இல்லை.

லாரி பொய் சொல்லவில்லை. திறமைக்கும் குறைவில்லை. தன் மேஜையில் கண்டதை உலகத்தின் உண்மையாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு டாக்டர்களின் சீட்டுகளைப் பார்த்தபோது எனக்கு லாரிதான் நினைவுக்கு வந்தார். இருவரும் தங்கள் மேஜையில் கண்டதைச் சொல்கிறார்கள். மேஜையைவிட்டு இறங்கிப் போனவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து எண்ணியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

மெஷினா, துடிக்கும் இதயமா என்ற கேள்விக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு. இரண்டிலும் யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத் தீர்மானித்தார்கள். டாக்டரின் விருப்பமோ நோயாளியின் வசதியோ அதில் குறுக்கிடவில்லை. இப்படிச் செய்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

முதல் ஆய்வு 'ரூபி'. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 18 ஆஸ்பத்திரிகளில் 2203 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது மெஷினில் செய்தவர்களிடம் ஒட்டிய குழாய்களில் 87.8 சதவீதம் திறந்திருந்தன. துடிக்கும் இதயத்தில் செய்தவர்களிடம் 82.6 சதவீதம். ஐந்து வருடம் கழித்து, 2017-ல் வந்த கணக்கில், துடிக்கும் இதயத்தில் செய்தவர்களில் 15.2 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மெஷினில் செய்தவர்களில் 11.9 சதவீதம். ஞாபகசக்தி விஷயத்தில் எதிர்பார்த்த லாபமும் கிடைக்கவில்லை. பத்து வருடக் கணக்கு 2022-ல் வந்தது. இறந்தவர்கள் முறையே 34.2, 31.1 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது ஆய்வு 'கரோனரி'. 19 நாடுகளில் 4752 பேர். இந்திய ஆஸ்பத்திரிகளும் இந்திய நோயாளிகளும் இதில் நிறைய உண்டு. முதல் மாதத்தில் துடிக்கும் இதயத்துக்குச் சில லாபங்கள் தெரிந்தன. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 50.7 சதவீதம், மெஷினில் 63.3 சதவீதம். சிறுநீரகக் கோளாறும் சற்றுக் குறைவு. ஆனால் சீக்கிரமே மறுபடி அடைப்பு நீக்க வேண்டி வந்தவர்கள் துடிக்கும் இதயத்துக்காரர்களில் சற்று அதிகம். ஐந்து வருடம் கழித்து மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மறு சிகிச்சை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் 23.1 சதவீதம், மறுபக்கம் 23.6. வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம்.

ஒரு ஆய்வில் துடிக்கும் இதயம் பின்தங்குகிறது, இன்னொன்றில் சமமாக ஓடுகிறது. ஏன்? பதில் ஒரு சின்ன விதிமுறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'கரோனரி' ஆய்வில் ஒரு முறையைச் செய்ய வேண்டுமானால் அந்த முறையில் நூறுக்கு மேல் செய்து பழகிய கையாக இருக்க வேண்டும். 'ரூபி'யில் துடிக்கும் இதயத்துக்கு இருபது செய்திருந்தால் போதும். பயிற்சியில் இருந்தவர்களும் பல தையல்களைப் போட்டார்கள். முறையைவிடக் கை முக்கியம் என்பது இந்த ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். மகாதமனியில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகிப்போனவர்களுக்கு அதைத் தொடாமலே செய்யும் துடிக்கும் இதய முறை நல்லது என்பது வேறு விஷயம். அங்கே அது தேவையாகவே வருகிறது.

அப்படியானால் பத்தாவது வருடத்தைத் தீர்மானிப்பது எது? இரண்டு சீட்டிலும் கொட்டை எழுத்தில் இருந்தது மெஷின் விவகாரம். எந்தக் குழாயை எங்கே ஒட்டப்போகிறார்கள் என்பது பொடி எழுத்தில் இருந்தது. நீண்ட காலக் கணக்கைப் புரட்டினால் அந்தப் பொடி எழுத்துதான் பெரிய விஷயம் என்று தெரிகிறது.

காலிலிருந்து எடுக்கும் சிரை, தாழ்ந்த அழுத்தத்துக்குப் பழகிய குழாய். அதைத் தமனியின் வேலையில் போட்டால் சுவர் தடிக்கிறது. பிறகு கொழுப்புப் படிகிறது. பத்து வருடத்தில் ஏறக்குறையப் பாதிச் சிரைகள் அடைத்துவிடுகின்றன. மார்புத் தமனியோ பிறந்ததிலிருந்தே தமனி. கொழுப்பு அதில் எளிதில் படிவதில்லை. இடது மார்புத் தமனியை இதயத்தின் முன்புறம் இறங்கும் பிரதானக் குழாயோடு தைத்தால், பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேல் திறந்தே இருக்கின்றன. கிளீவ்லாண்ட் கிளினிக் 1986-ல் தன் பழைய நோயாளிகளின் பத்து வருடக் கணக்கை வெளியிட்டது. சிரை மட்டும் ஒட்டப்பட்டவர்கள் இறக்கும் அபாயம், மார்புத் தமனி ஒட்டப்பட்டவர்களுடையதைப்போல் 1.61 மடங்கு. இது சீட்டுக் குலுக்கிப் போட்ட ஆய்வல்ல. இருந்தாலும் வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் உலகம் ஏற்றுக்கொண்டது. இன்று இடது மார்புத் தமனி இல்லாத பைபாஸுக்குத்தான் காரணம் சொல்லியாக வேண்டும்.

ஒன்று நல்லதென்றால் இரண்டு இன்னும் நல்லதல்லவா? வலது மார்புத் தமனியையும் சேர்த்தால் என்ன? இதற்காகவே 'ஆர்ட்' என்ற ஆய்வை நடத்தினார்கள். இந்தியா உள்பட 7 நாடுகள், 28 ஆஸ்பத்திரிகள், 3102 பேர். பத்து வருட முடிவு 2019-ல் வெளியானது. இரண்டு மார்புத் தமனி என்று ஒதுக்கப்பட்டவர்களில் 20.3 சதவீதமும் ஒன்று என்று ஒதுக்கப்பட்டவர்களில் 21.2 சதவீதமும் இறந்திருந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒதுக்கியது வேறு, நடந்தது வேறு. இரண்டு என்று ஒதுக்கப்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு இரண்டாவது தமனி ஒட்டப்படவே இல்லை. மறுபக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கைத் தமனி கிடைத்திருந்தது. அதனால் வாதம் இன்னும் ஓயவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒன்று: இரண்டையும் எடுத்தால் மார்பெலும்புக்கு ரத்தம் குறைந்து, காயம் ஆறாமல் தொல்லை தரும் வாய்ப்பு கூடுகிறது. 3.5 சதவீதம், மறுபக்கம் 1.9. சர்க்கரைக்காரருக்கு இது விளையாட்டல்ல. அத்தான் பேரில் இந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

மூன்றாவது வழி கைத் தமனி. சீட்டுக் குலுக்கிப் போட்ட பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 1036 பேரின் கணக்கை 2018-ல் வெளியிட்டார்கள். கால் சிரைக்குப் பதில் கைத் தமனி ஒட்டப்பட்டிருந்தால் ஐந்து வருடக் கட்டத்தில் அடைப்பு 8.1 சதவீதம். சிரையில் 19.9. பத்து வருடக் கணக்கு 2020-ல் வந்தது. மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கைத் தமனிக்காரர்களுக்கு அபாயம் கால் பங்குக்கு மேல் குறைவு. எல்லாக் கைகளிலிருந்தும் எடுக்க முடியாது. கையின் இன்னொரு தமனி உள்ளங்கைக்குப் போதிய ரத்தம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டும் இடத்தில் அடைப்பு கடுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுக் குழாயில் ஓட்டமில்லாமல் சுருங்கிவிடும்.

சிரையை எடுக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. தொடையிலிருந்து கணுக்கால் வரை கிழித்து எடுப்பது பழைய வழி. சிறு துளை வழியாகக் கேமரா விட்டு எடுப்பது புது வழி. அமெரிக்காவில் 1150 பேரிடம் நடந்த 'ரீகுரூப்' ஆய்வில், ஏறக்குறைய மூன்று வருடத்தில், மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை மூன்றும் சேர்ந்த கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காலில் சீழ் பிடிப்பது மட்டும் புது வழியில் பாதிக்கும் குறைவு, 1.4 சதவீதத்துக்கு எதிராக 3.1.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா நியாயமான ஒரு கேள்வி கேட்டாள். "நெஞ்சைப் பிளக்காம ஸ்டென்ட் வெச்சா ஆகாதா? கலாம்கூட ஏதோ ஸ்டென்ட் செஞ்சாரே?" உண்மைதான். கலாம்-ராஜு ஸ்டென்ட் இந்த ஹைதராபாதின் பிள்ளை. 1990-களில் அப்துல் கலாமும் இங்குள்ள இதய நிபுணர் சோமராஜுவும் சேர்ந்து, விலை குறைந்த ஸ்டென்ட் வேண்டும் என்று உருவாக்கியது. ஸ்டென்ட் பல லட்சம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்தவர்களைப் பற்றி 'ஃப்ரீடம்' என்ற ஆய்வு 2012-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1900 பேரில், ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் அதிகம். அத்தானைப் போன்றவருக்கு இரண்டு டாக்டர்களும் பைபாஸ் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை எந்த டாக்டரின் கையும் தீர்மானிப்பதில்லை. பைபாஸ் ஆனவர்களில் கொலஸ்டிராலை மாத்திரையால் கடுமையாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஒரு ஆய்வு பார்த்தது. முடிவு 1997-ல் வந்தது. மிதமாகக் குறைத்தவர்களிடம் ஒட்டிய சிரைகளில் 39 சதவீதம் மேலும் கெட்டிருந்தன. கடுமையாகக் குறைத்தவர்களிடம் 27 சதவீதம். மேஜையில் எந்த முறைக்குப் போனாலும் இந்த மாத்திரையின் பங்கு அப்படியே நிற்கிறது. பைபாஸ் அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகிறது, அடைப்பை உண்டாக்கிய நோயைத் தீர்ப்பதில்லை. 'ஆபரேஷன்தான் ஆயிடுச்சே' என்று ஆறாவது மாதம் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்?

இவ்வளவும் வெளிநாட்டார் தலைமையில் எண்ணிய கணக்கு. நம் நோயாளிகள் அதில் இருக்கிறார்கள், நம் டாக்டர்கள் தைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தான் போகப்போகும் ஆஸ்பத்திரியில் பத்து வருடத்துக்கு முன் பைபாஸ் செய்துகொண்டவர்கள் இன்று எத்தனை பேர் உயிரோடு, மறு சிகிச்சை இல்லாமல் இருக்கிறார்கள்? இதை இரண்டு இடத்திலும் கேட்டேன். "எங்க பேஷன்ட்ஸ் எல்லாம் நல்லா இருக்காங்க" என்ற பதில் கிடைத்தது. நல்லா இருக்கிறவர்கள்தான் தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல வருவார்கள். வராதவர்களை யார் எண்ணுவது?

ஸ்வீடனில் 'ஸ்வீட்ஹார்ட்' என்ற தேசியப் பதிவேடு இருக்கிறது. குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் உள்ள எண்ணைக் கொண்டு, பைபாஸ் செய்துகொண்டவரின் பிற்காலத்தைத் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் இதய அறுவை நிபுணர்களின் சங்கமே 1989-லிருந்து கணக்கு வைத்திருக்கிறது. நம் நாட்டில் எல்லா ஆஸ்பத்திரிகளும் கட்டாயம் எழுதியாக வேண்டிய அப்படி ஒரு பேரேடு இல்லை.

இதற்குப் பணமில்லை, வசதியில்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 2007-ல் ஆரோக்யஸ்ரீ தொடங்கியது. ஏழைகளின் பைபாஸுக்கு அரசே பணம் கட்டியது. தெலங்கானாவில் இன்றும் அது தொடர்கிறது. குடும்பத்துக்கான வரம்பு 2023 டிசம்பரில் பத்து லட்ச ரூபாயாக உயர்ந்தது. தமிழ்நாட்டிலும் 2009-லிருந்து அரசுக் காப்பீட்டில் இதய அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. ஒவ்வொரு பைபாஸுக்கும் யாருக்கு, எங்கே, எப்போது என்று ஒரு பதிவு அரசிடம் இருக்கிறது, பணம் கொடுப்பதற்காக. அதே பதிவைப் புரட்டினால் அந்த நோயாளி மூன்றாவது வருடம் மாரடைப்போடு திரும்பி வந்தாரா, ஏழாவது வருடம் ஸ்டென்ட் வைத்துக்கொண்டாரா என்பது தெரியும். இறப்புப் பதிவோடு ஒப்பிட்டால் மீதியும் தெரியும். எந்தக் குழாய் ஒட்டப்பட்டது, மெஷின் உண்டா இல்லையா என்று இரண்டு கட்டங்களைப் படிவத்தில் சேர்த்தால் போதும். ஒரு காலத்தில் குளோரோஃபார்முக்காக ஆயிரம் பவுண்டு கொடுத்த ஊர் இது. பணம் கட்டுகிறவர்களுக்கு, வாங்கிய பொருள் எத்தனை நாள் உழைத்தது என்று கேட்கும் உரிமை உண்டு. அரசுக்கு அந்த உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு.

அத்தானுக்காக ஒரு காகிதத்தில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இந்த முறையில் நீங்கள் எவ்வளவு காலமாக, வாரத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? இடது மார்புத் தமனியை முன்புறக் குழாயில் ஒட்டுவீர்களா? மற்ற இடங்களுக்குச் சிரையா, கைத் தமனியா, ஏன்? அடைப்புள்ள எல்லாக் குழாய்களுக்கும் ஒட்டிவிடுவீர்களா, ஏதாவது விட்டுப்போகுமா? வீட்டுக்குப் போன பிறகு எந்த மாத்திரை ஆயுள் முழுவதும்? இவை அவருடைய ஆஞ்சியோகிராமுக்கு எழுதிய கேள்விகள். உங்கள் படம் வேறாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை என்பது எல்லோருக்கும் பொது.

முதல் டாக்டர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார். இரண்டாமவர் காகிதத்தை வாங்கி, பேனா எடுத்து, இதயத்தின் படம் வரைந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். இடது மார்புத் தமனி முன்புறம். இடது கைத் தமனி, சோதித்துப் பார்த்து, பக்கவாட்டில். வலப்பக்கத்துக்குச் சிரை. சர்க்கரையினால் இரண்டாவது மார்புத் தமனி வேண்டாம். தினமும் தான் செய்வது மெஷின் முறை, அதனால் அதையே செய்வதாகச் சொன்னார். துடிக்கும் இதயம் தப்பு என்று அவர் சொல்லவில்லை. "அது தினமும் செய்யறவங்க கையில நல்லா வரும்" என்றார். அத்தான் அவரிடமே போனார். மெஷினுக்காக அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதே மாதிரி உட்கார்ந்து பதில் எழுதியவர் துடிக்கும் இதயத்துக்காரராக இருந்திருந்தால் அங்கே போயிருப்பார்.

எட்டாவது நாள் வீடு திரும்பினார். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்தக் குழாய் எங்கே என்று மூன்று வரி ஆங்கிலத்தில் சுருக்கெழுத்தாக இருந்தது. அதைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். கார்டில் எழுதி பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். பழைய ரயில்வே டயரி ஒன்றில் தேதி, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் என்று பத்தி பிரித்துக் கோடு போட்டிருக்கிறார். பதினான்கு மாதத்துக்கான வரிகள் நிரம்பியிருக்கின்றன. போன வாரம் போயிருந்தபோது எண்ணிப் பார்த்தேன். பத்து வருடத்துக்கும் போதுமான பக்கங்களுக்கு அவர் முன்கூட்டியே கோடு போட்டு வைத்திருந்தார்.